இன்ஜின் ஓடினால் ஆள் தூங்குகிறான்

லாரிக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் தட்டக்கா. கதவைத் தட்டுகிற அக்கா என்று ஆரம்பித்தது, சோம்பேறி வாய்களில் தேய்ந்து தேய்ந்து அப்படி ஆகிவிட்டது. மலைப்பாதை ஏறி முடிகிற இடத்தில் இருக்கிற லாரி நிறுத்தத்தில் அவளுக்கு வேலை. அந்தி சாய்ந்ததும் வண்டிகள் வந்து வரிசை கட்டும். இறக்கத்தில் பனிமூட்டம் கண்ணைக் கட்டிவிடும் என்பதால் விடிகிற வரைக்கும் எவனும் கீழே இறங்க மாட்டான். குளிரோ, எலும்புக்குள் புகுந்து குடித்தனம் பண்ணுகிற குளிர். டிரைவர் என்ன செய்வான்? இன்ஜினை ஓடவிட்டு ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, சீட்டுக்குப் பின்னால் இருக்கிற படுக்கையில் சுருண்டுகொள்வான்.

அப்போதுதான் நம் ஆள் வந்து நிற்பாள். டயரில் காற்று பார்க்கத் தட்டுவார்களே, அந்த மரக்கட்டை கையில் இருக்கும். தோளில் தடித்த ஒயர்ச் சுருள். கட்டையால் கதவில் இரண்டு தட்டு.

"தம்பி, இன்ஜினை ஆஃப் பண்ணு. ஒயர் தரேன், ஹீட்டர் தரேன். செருகிக்கிட்டு நிம்மதியா படு."

"ஏன்க்கா, உனக்கு வேற வேலையே இல்லையா? இப்பதான் கண்ணு சொக்குச்சு."

"சொக்கினது தூக்கமா மயக்கமான்னு உனக்குத் தெரியுமா? இறங்குடா கீழ!"

திட்டிக்கொண்டே இறங்குவான். ஒவ்வொரு வண்டி நிற்கும் இடத்திலும் இடுப்பளவு இரும்புக் கம்பம் நட்டிருக்கும். அதில் பிளக். கம்பத்தின் உச்சியில் ஒரு சின்ன பல்பு. ஹீட்டர் கரண்டு இழுக்கும்போது பல்பு எரியும். உள்ளே சூடு போதுமானால் அணையும். மறுபடி குளிர்ந்தால் எரியும். இன்ஜின் குடிக்கிற டீசலில் கால்வாசிச் செலவுகூட ஆகாது. சத்தமில்லை, புகையில்லை, படுக்கை நடுங்காது. ஆனாலும் லாரிக்காரனிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் செவிடன் காதில் ஊதிய சங்குக்கே தொண்டை கட்டிவிடும்.

அவர்கள் மேலும் முழுத் தப்பு சொல்ல முடியாது. லாரிக்காரர்களிடையே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. இன்ஜின் ஓடினால் ஆள் தூங்குகிறான். தூங்குகிறவனை எழுப்பாதே. வீடு வாசல், பெண்டாட்டி பிள்ளை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரோட்டில் கிடக்கிறவனுக்குச் சொந்தம் என்று இருப்பது அந்த நாலு மணி நேரத் தூக்கம்தான். அதில் கை வைக்கிறவன் மனுஷனே இல்லை என்பார்கள். அந்தச் சட்டத்தைத்தான் தட்டக்கா தினம் தினம் கட்டையால் அடித்துக்கொண்டிருந்தாள்.

ஏனென்றால் அந்தச் சட்டம் அவள் புருஷனைத் தின்றது.

அவரும் லாரிக்காரர். இதே நிறுத்தம், அப்போது கம்பமும் இல்லை, பிளக்கும் இல்லை. கடைசி மூலையில், மண்மேட்டை ஒட்டி வண்டியைப் பின்பக்கமாகத் தள்ளி நிறுத்தியிருந்தார். புகைக்குழாயின் மூட்டில் விரிசல் விட்டிருந்ததும், படுக்கைக்குக் கீழே ஒயர் போகிற ஓட்டையில் ரப்பர் அடைப்பு கழன்று விழுந்திருந்ததும் அவருக்குத் தெரியாது. பின்னால் மண்மேடு மறித்ததில் புகை அடியிலேயே தேங்கி, அந்த ஓட்டை வழியாக உள்ளே ஏறியது. அந்தப் புகைக்குள் இருப்பது வாசமில்லாத விஷம். விழித்திருந்தாலாவது தலை வலித்திருக்கும். தூங்குகிறவனுக்கு அது இன்னொரு போர்வை.

விடிந்தது. மற்ற வண்டிகள் போயின. அவர் வண்டி நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்து வண்டிக்காரர், மீசை என்றால் எல்லோருக்கும் தெரியும், பஞ்சரான டயருக்காகக் காத்துக்கொண்டு அங்கேயே இருந்தார். "அந்த ஆள் ஏன் இன்னும் கிளம்பலை?" என்று டீக்கடையில் கேட்டவர்களுக்கு அவர்தான் பதில் சொன்னார். "இன்ஜின் ஓடுதுல்ல? தூங்குறான், விடு." பகல் முழுக்க அதே பதில். சாயங்காலம் டீசல் தீர்ந்து இன்ஜின் இருமி இருமி நின்றது. சத்தம் நின்ற பிறகுதான் மீசை எழுந்தார். போய்க் கதவைத் தட்டினார்.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த கதை. ஊருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அந்த ராத்திரி படுக்கப்போகும் முன் புருஷன் வீட்டுக்குப் போன் பண்ணியிருந்தார். குளிர் தாங்கவில்லை, ஆனால் ராத்திரி பூரா ஓட விட்டால் டீசல் கணக்கு உதைக்கும், முதலாளி கத்துவார், ரெண்டு போர்வையைப் போர்த்திக்கொண்டு சமாளித்துக்கொள்கிறேன் என்றார். அவள்தான் பொரிந்தாள்.

"டீசலை மிச்சம் பிடிச்சு முதலாளிக்குக் கோட்டை கட்டப் போறீங்களா? ஓட விட்டுட்டே படுங்க."

"சரி. நீ சொன்னா சரி."

அதுதான் கடைசி. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பெற்ற பெண்ணிடமும் சொன்னதில்லை. அப்போது அந்தப் பெண் பள்ளிக்கூடம் போகிற வயது, பக்கத்தில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது என்பார்கள். இந்தப் பூனை அடுப்பிலேயே போய்க் குடியேறியது. கருமாதி முடிந்த கையோடு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து, நிறுத்தத்தில் கூட்டிப் பெருக்குகிற வேலை கேட்டாள். ஆபீசுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் அறை கொடுத்தார்கள். பிறகு புகைத் தொல்லை பற்றிப் புகார் வந்து கம்பங்கள் நட்டபோது, ஒயர் வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். "புருஷன் செத்த இடத்துலயே எப்படிம்மா இருக்க?" என்று கேட்டவர்களிடம், "சோறு கிடைக்கிற இடத்துல இருக்கேன்" என்று வாயை அடைத்தாள்.

உண்மை வேறு. அவளுக்கு அங்கே சத்தம் கேட்டது. அந்திக்கு மேல் மூலை இடத்தைத் தாண்டும்போதெல்லாம், அங்கே வண்டியே இல்லாதபோதும், ஓர் இன்ஜின் மெல்ல ஓடுகிற சத்தம். எந்த இன்ஜினோ இல்லை. அவர் வண்டிக்கு ஒரு விக்கல் உண்டு. ஓடிக்கொண்டே இருக்கும், நடுவில் ஒருதரம் துள்ளும், மறுபடி ஓடும். எத்தனை மெக்கானிக் பார்த்தும் போகாத விக்கல். அது அப்படியே கேட்கும். அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். நடையைத் தளர்த்தவும் மாட்டாள். அந்த மூலையில் தண்ணீர் தேங்கும் என்று சொல்லி முடிந்தவரை யாரையும் நிறுத்தவிடாமல் பார்த்துக்கொண்டாள்.

இன்னொரு கூத்தும் உண்டு. ஊரில் உள்ள இன்ஜினையெல்லாம் நிறுத்துகிறவளுக்கு அமைதி என்றால் குலை நடுக்கம். அறையில் பிரிட்ஜின் மோட்டார் ஓடி நின்றால் போதும், தூக்கம் கலைந்து எழுந்து உட்காருவாள். சத்தம் நின்ற பிறகுதானே அன்றைக்குச் செய்தி வந்தது? அதனால்தான் கம்பத்துப் பல்புகள் மேல் அவளுக்கு அத்தனை பாசம். ஜன்னலோரம் கட்டிலைப் போட்டுக்கொண்டு பார்த்திருப்பாள். ஒன்று எரியும், இன்னொன்று அணையும், அணைந்தது மறுபடி எரியும். உள்ளே ஆள் கதகதப்பாக இருக்கிறான் என்று பல்பு சொல்லும். அதைப் பார்த்துக்கொண்டே கண்ணயர்வாள்.

இப்படியிருக்க, மகளுக்கு வந்து வாய்த்தவனும் லாரிக்காரன்தான்! "உலகத்துல வேற ஆம்பளையே கிடைக்கலையாடி உனக்கு?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மகள் அசையவில்லை. நல்ல பையன், குடி கிடையாது, வாய் கொஞ்சம் நீளம். கீழூரில் தனிக்குடித்தனம் வைத்தார்கள். புதிதாக வண்டி எடுத்தவன், மாமியார் நிறுத்தத்தில் வந்து நிறுத்தினான். இன்ஜினை ஓடவிட்டுப் படுத்தான்.

மற்றவனை "இறங்குடா" என்று சொல்லிவிடலாம். மாப்பிள்ளையைச் சொல்ல முடியுமா? பாம்பு என்று தாண்டவும் முடியாமல், பழுதை என்று மிதிக்கவும் முடியாமல் கொஞ்ச நேரம் வண்டியைச் சுற்றி வந்தாள். அப்புறம் பொறுக்கவில்லை. தட்டிவிட்டாள். ஒரு தடவை அல்ல. அவன் இறங்கி வருகிற வரைக்கும். வரிசையில் இருந்த அத்தனை வண்டிக் கண்ணாடியும் இறங்கின. எவனோ ஒரு வாயாடி கத்தினான்: "மாப்ளே, மாமியார் வந்து போர்வை போத்திவிட்டாதான் தூக்கம் வருமா?" நிறுத்தமே சிரித்தது. மறுநாளிலிருந்து அவனுக்குப் பெயர் போர்வை. மலை இறங்கும் முன் பெயர் இறங்கிவிட்டது, சரக்கு ஏற்றுகிற இடத்தில்கூட, "போர்வை வந்தாச்சா?" என்றுதான் கேட்டார்களாம்.

அன்றோடு அவன் அங்கே வருவதை நிறுத்திவிட்டான். வளைவில், ரோட்டோரத்தில் நிறுத்தித் தூங்கினான். மகள் மலையேறி வந்தாள்.

"அம்மா, அவரை மனுஷனா நடமாட விடு."

"உசுரோட நடமாடட்டும்னுதாண்டி தட்டினேன்."

"என் தலை மேல கை வை. அவர் வண்டியைத் தட்ட மாட்டேன்னு சொல்லு. அப்பதான் திரும்ப இங்க நிறுத்தச் சொல்லுவேன். ரோட்டோரத்துல கிடக்கிறதை விட இது மேல்தானே?"

வேறு வழியில்லை. மீசை உட்பட டீக்கடையே பார்க்கக் கை வைத்தாள். இனிமேல் தட்டினால் பெண்ணின் தலைக்கு ஆபத்து. தட்டாவிட்டால் பெண்ணின் வாழ்க்கைக்கு ஆபத்து. யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

ரொம்ப நாள் கழித்து ஒரு சாயங்காலம் அவன் வந்தான். பனி அன்று சீக்கிரமே இறங்கிவிட்டதால் நிறுத்தம் நிரம்பி வழிந்தது. இடம் என்று இருந்தது மூலை ஒன்றுதான். அவள் ஒயர்ச் சுருளோடு ஓடுவதற்குள் வண்டி பின்பக்கமாக மண்மேட்டை ஒட்டிப் போய் நின்றுவிட்டது. அவருடைய இடத்தில்! அவனுக்குத் தெரியாது. மகள்கூட எந்த இடம் என்று கேட்டதில்லை, இவளும் காட்டியதில்லை.

"மாப்பிள்ளை, இங்க தண்ணி தேங்கும். கொஞ்சம் பொறுத்தீங்கன்னா..."

"பரவாயில்லைங்க அத்தை. ஒரு ராத்திரிதானே."

"ஒயர் தரட்டுங்களா?"

"ஒயரெல்லாம் வேணாம். எனக்கு ஏற்பாடு இருக்கு. காலையில காட்டுறேன்." உதட்டோரம் சிரிப்பு மாதிரி ஒன்று. "வெளிச்சம் வந்ததும் முத ஆளா கிளம்பணும். நீங்க போய்ப் படுங்க." கதவு மூடிக்கொண்டது.

என்ன ஏற்பாடு? இன்ஜின் ஓடும் என்று நின்று பார்த்தாள். ஓடவில்லை. ஒயர் இல்லாததால் பல்பும் இல்லை. இந்தக் குளிரில் சும்மா படுத்திருக்க முடியாது. அப்படியானால் உள்ளே எதையோ மூட்டிவிட்டான். முன்னொரு தடவை ஒருத்தன் சட்டியில் கரியைக் கொளுத்தி உள்ளே வைத்துக்கொண்டு படுத்ததை, இவள்தான் கண்ணாடி வழியாகச் சிவப்பாகக் கண்டு, இழுத்து வெளியே போட்டாள். இப்போது மாப்பிள்ளை வண்டியில் திரை இழுத்திருந்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை.

எல்லாவற்றையும் விட ஒன்று அவளைக் கலக்கியது. மூலையில் அந்தச் சத்தம் கேட்கவில்லை. இத்தனை வருஷமாக ஒரு நாள் தவறாமல் விக்கி விக்கி ஓடிய இன்ஜின் அன்று நின்றிருந்தது. அறைக்குப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எல்லாப் பல்புகளும் எரிந்தன, அணைந்தன. மூலை மட்டும் இருட்டாகக் கிடந்தது. மகளுக்குப் போன் போட எடுத்தாள், என்னவென்று கேட்பது? 'உன் தலை மேல வச்ச கையை எடுத்துக்கட்டுமா' என்று கேட்பதா? வைத்துவிட்டாள். அந்த ராத்திரியை அவள் எப்படிக் கழித்தாள் என்று யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

விடிந்தது. பனி விலகி ரோடு தெரிந்தது. வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. முதல் ஆளாகக் கிளம்ப வேண்டியவன் வண்டி அசையவில்லை. அவள் ஒயர்களைச் சுருட்டினாள். சுருட்டியதைப் பிரித்து மறுபடி சுருட்டினாள். வெயில் கம்பங்களின் மேல் ஏறியது. டீக்கடையில் இரண்டாவது அடுப்பையும் பற்றவைத்துவிட்டார்கள். மூலையில் இன்னும் அதே அமைதி.

மீசை டம்ளரோடு வந்தார். வயசாகிவிட்டது, இருந்தும் வண்டி ஓட்டுகிறார். கம்பம் நட்டபோது முதன்முதலில் வந்து ஒயர் வாங்கிச் செருகியவர் அவர்தான்.

"என்னம்மா, முகமே சரியில்ல?"

அவள் மூலையைக் காட்டினாள். அவர் பார்த்தார்.

"யாரு, போர்வையா? அட, தூங்குறான், வி..."

கையில் இருந்த டீ தளும்பிக் காலில் கொட்டியது. கொட்டியது அவருக்குத் தெரியவில்லை. அவர் மண்மேட்டைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நான் தட்டட்டுமா?" என்றார். "உனக்குத்தானே சத்தியம்? எனக்கில்லையே. நான் தட்டுறேன்மா. அன்னைக்குத்தான் தட்டாம விட்டேன்."

"வேணாம்ணே. நானே தட்டுறேன்."

நடந்தாள். 'பாப்பா, உன் தலைக்கு வர்றது என் தலைக்கு வரட்டும்' என்று வாய்விட்டே சொன்னாள். கட்டையால் இரண்டு தட்டு. பதில் இல்லை. இன்னும் நாலு. பதில் இல்லை. கட்டையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் அறைந்தாள். "மாப்பிள்ளை! மாப்பிள்ளை!" என்றவள் கடைசியில் மரியாதையெல்லாம் பறந்துபோய், "டேய்! எழுந்திருடா! கதவைத் திறடா பாவி!" என்று அலறினாள். டீக்கடையே எழுந்து நின்றது.

கதவு திறந்தது. தலைமுடி ஒரு பக்கம் நின்றுகொண்டு, கன்னத்தில் போர்வை மடிப்பு பதிந்து, அவன் கண்ணைக் கசக்கினான்.

"அத்தை? என்னாச்சு? ஐயையோ, வெயிலே வந்துடுச்சா!"

அவள் படியில் நின்றபடியே அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். மாமியார் மாப்பிள்ளை காலைப் பிடிப்பதா என்று யாரும் யோசிக்கவில்லை. கால் சூடாக இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் சூடாக இருந்தன. அப்புறம்தான் அழுகை வந்தது.

அவனும் பயந்துவிட்டான். கைத்தாங்கலாக ஏற்றி சீட்டில் உட்கார வைத்தான். படுக்கைக்கு அடியில் இருந்த செருப்புப் பெட்டி அளவு இயந்திரம் ஒன்றைக் காட்டினான். "இதுதான் ஏற்பாடு. இன்ஜின் வேணாம். துளித்துளியா டீசல் எடுத்து தனியா எரியும், பேட்டரியில காத்தாடி சுத்தி சூட்டை உள்ள அனுப்பும். புகை வேற குழாய்ல வெளிய போயிடும். மேல பாருங்க, அது மணி. கெட்ட காத்து துளி வந்தாலும் ஊரையே கூட்டிடும். சத்தமே இல்லையா, நடுக்கமே இல்லையா, பொணம் மாதிரி..." என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "வண்டி எடுத்த நாள்லேர்ந்து இப்படி ஒரு தூக்கம் தூங்கினதில்ல அத்தை. அதான் எழுந்திருக்கவே முடியல."

"யாரு வைக்கச் சொன்னா?"

"யாரு சொல்லுவா? உங்க பொண்ணுதான். மெக்கானிக் பக்கத்துலயே நின்னு மாட்ட வச்சா. அதோட விட்டாளா? வண்டிக்கு அடியில படுத்து, எங்கயாவது ஓட்டை இருக்கான்னு டார்ச் அடிச்சு ஒவ்வொண்ணா பார்த்தா. புடவையெல்லாம் கிரீஸ்."

அவள் குனிந்து அந்தப் பெட்டியின் மேல் கையை வைத்தாள். இத்தனை வருஷம் பல்லைக் கடித்து வைத்திருந்தது, அந்தச் சூட்டில் தானாகக் கழன்று வந்தது.

"மாப்பிள்ளை, அன்னைக்கு ஓட விட்டுட்டே படுங்கன்னு அவர்கிட்ட சொன்னது நான்தான். அவர் போர்வை போதும்னாரு. நான்தான் கேக்கல."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "தெரியும் அத்தை."

"தெரியுமா?"

"அவ சொல்லியிருக்கா. அன்னைக்கு நீங்க போன்ல பேசினப்ப அவ தூங்கலையாம். கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டுட்டு இருந்தாளாம்."

"ஒரு வார்த்தை கேக்கலையே எங்கிட்ட!"

"என்னத்தக் கேக்கச் சொல்றீங்க? நீங்க சொன்னதும் மாமா சிரிச்சாராம். போன்ல வெளிய கேட்டுச்சாம். 'நீ சொன்னா சரி'ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாராம். அப்பா கடைசியா சிரிச்சது எங்க அம்மா பேச்சுக்குத்தான்னு எங்கிட்ட சொல்லுவா."

அவர் சிரித்தது அவளுக்கு நினைவில்லை. சத்தியமாக நினைவில்லை. அந்த வார்த்தைகளை எத்தனை ஆயிரம் தடவை காதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பாள். ஒரு தடவைகூட அதில் சிரிப்பு இருந்ததில்லை.

அவன் முகம் கழுவி, ஒரு டம்ளர் டீயைக் குடித்துவிட்டு வண்டியில் ஏறினான். டீக்கடையிலிருந்து எவனோ, "என்ன போர்வை, மாமியார் எழுப்பிவிட்டாச்சா?" என்று கேட்டான். "ஆமாடா, எனக்கு எழுப்ப ஆள் இருக்கு. உனக்கு இருக்கா?" என்று திருப்பிக் கொடுத்தான். கண்ணாடியை இறக்கி இவளிடம் சொன்னான்: "அவகிட்ட நான் பேசிக்கிறேன். இனிமே நான் இங்க படுத்தா வந்து தட்டுங்க. முழிச்சே இருந்தாலும் தட்டுங்க."

வண்டி வளைவில் இறங்கி மறைந்தது. கூட்டம் கலைந்தது. மூலையில் வண்டி நின்ற இடம் மட்டும் பனி படாமல் காய்ந்து கிடந்தது. கீழே போட்ட கட்டையை எடுக்க அவள் குனிந்தாள்.

அப்போது கேட்டது. பட்டப்பகலில் அது கேட்டதே இல்லை. மெல்ல ஓடியது. நடுவில் ஒருதரம் துள்ளியது. மறுபடி ஓடியது.

மீசை பின்னாலேயே நின்றிருந்தார். "என்னம்மா?"

"ஒண்ணுமில்லண்ணே. நீங்க போங்க."

அவர் போகும்வரை காத்திருந்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த இடத்துக்கு நேராகத் திரும்பி நின்றாள். எத்தனையோ பேருடைய இன்ஜினை நிறுத்திய கை அது. கட்டையைக் கதவுயரத்துக்குத் தூக்கவும் தூக்கியது. தட்டினால் நின்றுவிடும். நின்றுவிட்டால் என்னவென்று அவளுக்குத் தெரியும். ஓடுகிற வரைக்கும் அவர் தூங்குகிறார்.

கையை இறக்கிக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஓட விட்டுட்டே படுங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அடுத்த கம்பத்து ஒயரைச் சுருட்டப் போனாள்.